நாள் குறிக்கும் ஆங்கில வினைகள்

நாளைக் குறித்தல், குறித்த நாளை மாற்றுதல், மாற்றிய நாளையும் கைவிடுதல் ஆகிய மூன்றும் மனித வாழ்விலே ஓயாது நிகழ்வன. கலியாணத்துக்கு நாள் வைப்பவரும், பரீட்சைக்கு நேரசூசி வகுப்பவரும், நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு அனுப்புபவரும் இவற்றையே செய்கின்றனர். இவற்றைச் சொல்லத் தமிழிலே தெளிவான வினைச்சொற்கள் உள்ளன. ‘பிற்போட்டோம்’ என்றாலும் ‘கைவிட்டோம்’ என்றாலும் கேட்பவர் மயங்க இடமில்லை. ஆங்கிலத்திலோ இக்கருமத்துக்கு வழங்கும் வினைகள் பல. அவை பார்வைக்கு மிக எளியன. ஆயினும் நன்கு கற்ற மாணவனையும் வழுக்கி விழுத்த வல்லன. வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞனுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வருகின்றதென வைத்துக்கொள்வோம். அதிலுள்ள ஒரு வினையை அவன் பிழைபட விளங்கிக்கொண்டால், அவன் போய்ச் சேரும்போது நேர்முகப் பரீட்சை முடிந்துவிட்டிருக்கும். ஆதலின், இச்சொற்களைச் சிறிது ஆராய்வது பயன் தரும்.

முதலில் ‘புற் ஓஃப்’, ‘கோல் ஓஃப்’ என்னும் இரட்டையரைப் பார்ப்போம். இரண்டும் ‘ஓஃப்’ என்றே முடிகின்றன. ஆனால், முன்னையது பிற்போடுதலையும் பின்னையது முற்றாகக் கைவிடுதலையும் குறிக்கும். கூட்டம் ‘புற் ஓஃப்’ ஆயிற்று என்றால் இன்னொரு நாளில் அது நடைபெறும். ‘கோல் ஓஃப்’ ஆயிற்று என்றால் அதனை மறந்துவிடலாம். முன்னையதற்கு நேரான பெருஞ்சொல் ‘போஸ்ற்போன்’. இலத்தீன் மொழியில் ‘பின்’ என்று பொருள்படும் சொல்லும் ‘வைத்தல்’ என்று பொருள்படும் சொல்லும் சேர்ந்து அது பிறந்தது. நமது ‘பிற்போடுதல்’ என்பதும் அதே அமைப்புடையதன்றோ? பின்னையதற்கு நேரானது ‘கான்சல்’. இதன் வேர், பின்னற் கம்பித் தட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல். எழுதியதன்மேற் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிழுத்து அழிப்பது தட்டிபோலத் தோன்றுதலால் இப்பெயர் வந்தது. ‘அட்ஜேர்ன்’ என்பது வேறொன்று. தொடங்கிய கூட்டத்தை இடையில் நிறுத்தி, வேறு வேளையிலோ நாளிலோ தொடர விடுதலே அது. பாராளுமன்றச் செய்திகளிலே நாம் காணும் ‘ஒத்திவைப்பு’ இதுவே.

இனி, மாணவர் பெரிதும் இடறும் இடத்துக்கு வருவோம். ‘போவேட்’ என்றால் முன், ‘பாக்’ என்றால் பின் என்று சிறு வகுப்பிலேயே கற்கிறோம். ஒரு கூட்டத்தை ‘பிறிங் போவேட்’ செய்தால் அது குறித்த நாளுக்கு முந்தி நடைபெறும்; பிரித்தானிய வழக்கில் ‘புற் பாக்’ செய்தால் பிந்தி நடைபெறும். ஆனால், கடிகாரத்தை ‘புற் போவேட்’ செய்தால் அது காட்டும் நேரம் பிந்தியதாகும். ‘புற் பாக்’ செய்தால் முந்தியதாகும்! ஒரே சொல் கூட்டத்துக்கு ஒரு பொருளும் கடிகாரத்துக்கு அதன் எதிர்ப்பொருளும் தருகின்றது.

நமது நாட்டு வரலாற்றிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்குடன் 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கைக் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டன. ஆறு மணி ஏழு மணியாயிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலமும், 2006ஆம் ஆண்டு ஏப்பிரலில் எஞ்சிய அரை மணித்தியாலமும் பின்னே நகர்த்தப்பட்டுப் பழைய நேரம் மீண்டது. ஆனால், ஆறு மணிக் கூட்டமொன்றை ஒரு மணித்தியாலம் ‘பிறிங் போவேட்’ செய்தாலோ அது ஐந்து மணிக்கே தொடங்கிவிடும்.

இம்முரண் எங்ஙனம் விளைந்தது? கடிகார முள் எதிர்காலத்தை நோக்கி நடப்பது. அது நடக்கும் திசையே அதற்கு முன்புறம். கூட்டமோ எதிர்காலத்திலிருந்து நம்மை நோக்கி வருவது. நம்மை அணுகுவதே அதற்கு முன்னேற்றம். ‘வருகிற கிழமை’, ‘போன கிழமை’ என்று நாமும் காலத்தை வருவதும் போவதுமாகவே பேசுகிறோம். ‘முன்னோர்’ என்னுமிடத்து முன் என்பது கடந்த காலம்; ‘முன்னேறு’ என்னுமிடத்து அது எதிர்ப்படும் திசை. ஆகவே, இம்மயக்கம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று.

ஆங்கிலம் பேசுவோரே இதில் இரு கட்சியாகப் பிரிகின்றனர். புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் ‘மூவ் போவேட்’ செய்யப்பட்டது என்றால் அது திங்களா, வெள்ளியா? லேரா பொரோடிட்ஸ்கி, மைக்கல் ராம்ஸ்கார் என்னும் ஆய்வாளர் இருவர் இவ்வினாவைப் பலரிடம் கேட்டு, 2002ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். விமான நிலையத்திலே, அப்போதுதான் பறந்து வந்து இறங்கியவர்கள், பிறரைக் காட்டிலும் மிகுதியாக ‘வெள்ளி’ என்றனர். தாம் முன்னோக்கிப் பயணஞ் செய்த நினைவு கூட்டத்தையும் முன்னே தள்ளிவிட்டது போலும்!

சொல் மயக்கம் பெரியோரையும் விட்டதில்லை. 1941ஆம் ஆண்டின் இறுதியில் வாஷிங்டன் நகரிலே பிரித்தானிய, அமெரிக்கப் படைத்தலைவர்கள் போர்த்திட்டம் வகுக்கக் கூடினர். பிரித்தானியர் ஓர் அவசரப் பத்திரத்தை ‘ரேபிள்’ செய்ய விரும்பினர். அவர்கள் வழக்கில், உடனே விவாதத்துக்கு எடுத்தல் என்பது அதன் பொருள். அமெரிக்கர் வழக்கிலோ கிடப்பிற் போடுதல் என்று பொருள். இரு திறத்தாரும் வேண்டியது ஒன்றே என்று தெரிய வருமுன் நெடுநேரம் கடுமையாக வாதாடினர் என்று வின்ஸ்ரன் சேர்ச்சில் தமது போர் வரலாற்றிலே எழுதியிருக்கிறார்.

இந்தியாவிலே ‘பிறீபோன்’ என்னும் சொல் பெருவழக்காயுள்ளது. ‘போஸ்ற்போன்’ என்பதற்கு எதிராக, முந்திய நாளுக்கு மாற்றுதலை அது குறிக்கும். ஒக்ஸ்போர்ட் அகராதியும் இதனை ஏற்றுள்ளது. மயக்கமற்ற சொல்லே, ஆயினும் பிரித்தானியரும் அமெரிக்கரும் இதனைப் பெரும்பாலும் வழங்குவதில்லை. அவர்களுக்கு எழுதும்போது ‘பிறிங் போவேட்’ என்பதே பொருந்தும்.

வினையின் காலமும் கவனிக்கத்தக்கது. மனத்திலே எண்ணம் மாத்திரம் இருப்பின் ‘ஐ ஆம் கோயிங் ரு மீற் ஹிம்’ என்பர். அவருடன் பேசி நாளும் நேரமும் ஒழுங்கு செய்தாயின் ‘ஐ ஆம் மீற்றிங் ஹிம்’ என்பர். பேசும் அந்தக் கணத்திலே தீர்மானித்தால் ‘ஐ வில் மீற் ஹிம்’ என்பர். புகையிரதம் போன்று அட்டவணைப்படி நடப்பவற்றுக்கு நிகழ்கால வினையே போதும். நாமும் நிச்சயமான வருகையை ‘நாளை வருகிறேன்’ என்று நிகழ்காலத்திலே சொல்வதுண்டு. இன்னொரு நுட்பமும் உண்டு. ‘பிளான்’, ‘அறேன்ஜ்’, ‘டிசைட்’ ஆகிய திட்டமிடும் வினைகளை அடுத்து ‘ரு’ என்பது வரும். ‘போஸ்ற்போன்’, ‘புற் ஓஃப்’, ‘டிலே’ ஆகிய தாமதிக்கும் வினைகளை அடுத்து ‘இங்’ ஈற்றுச் சொல் வரும். ‘பிளான் ரு கோ’ சரி. ‘போஸ்ற்போன் ரு கோ’ பிழை. ‘போஸ்ற்போன் கோயிங்’ என்பதே முறை.

இத்தனையும் கற்ற பின்னரும் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்வது நன்று. நாள் மாற்றிய செய்தி எதுவாயினும், வினைச்சொல்லை மட்டும் நம்பியிராது கிழமை, திகதி, மணி ஆகிய மூன்றையும் எழுதுக. பிறர் எழுதாதவிடத்து மரியாதையுடன் கேட்டுத் தெளிக. அவ்வாறு கேட்பது அறியாமையன்று. ஒரே சொல்லை இருவர் இருவிதமாக விளங்கிக்கொள்ளக்கூடும் என்பதை அறிந்தவரே அங்ஙனம் கேட்பர்.