தூக்கத்துக்கு மாற்று இல்லை: தூரப் பயணத்துக்குப் புதிதான லொறிச் சாரதிகளுக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் கரையில், சீனக்குடாவில், பிரிமா மாவு ஆலையும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் எண்ணெய்த் தாங்கிகளும் இருக்கின்றன. நாட்டின் பாணுக்கு மாவும் வீடுகளுக்குச் சீமெந்தும் இங்கிருந்து நாளும் லொறிகளில் ஏறிப் போகின்றன. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளைஞருக்குப் பாரத்தோடு வண்டியை இறக்கத்தில் பிடிப்பதையும் பின்னுக்கு எடுப்பதையும் மூத்த சாரதிகள் நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். உடம்பைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பதுதான் குறைவு. அதிலும் கைமாறி வருபவை பெரும்பாலும் தூக்கத்தை ஏமாற்றும் வழிகள்: வெற்றிலையைப் போடு, தேத்தண்ணியைக் குடி, பாட்டைச் சத்தமாக வை. முதல் ஓரிரு வருடத்தில் பழகுவதே கடைசிவரை நிற்கும். ஆகவே தொடக்கத்திலேயே இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கணக்கு எங்கே தொடங்குகிறது?

பெரும்பாலான சாரதிகள் வண்டி ஓடிய நேரத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். மூளையோ நீங்கள் கண்விழித்த நேரத்திலிருந்து எண்ணுகிறது.

காலை 5 மணிக்கு எழும்புகிறீர்கள். பாரம் ஏற்ற வரிசையில் வெயிலில் நின்று, துண்டு வாங்கி, தார்ப்பாய் கட்டி முடிக்க மாலை 5 மணி. அதன்பின் புறப்பட்டால், குருநாகலை நெருங்கும் 10 மணியளவில் நீங்கள் விழித்து 17 மணித்தியாலம். அவுஸ்திரேலியாவில் 1997இல் வெளியான ஆய்வு ஒன்று, 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் கவனமும் கைவேகமும் இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் குறைவதைக் காட்டியது. 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். இலங்கைச் சட்டம் சாரதிக்கு விதித்திருக்கும் எல்லை 0.08. ஒரு துளியும் குடிக்காமலே அந்த எல்லையைத் தாண்டிய நிலைக்கு ஒருவர் போய்விடலாம். பொலிஸார் ஊதச் சொல்லும் கருவி அதைக் காட்டாது.

வரிசையில் காத்திருந்த நேரம் ஓய்வு ஆகாது. வரிசை நீளுமென்று தெரிந்தால், உங்கள் முறை வரும்வரை கிளீனரைப் பார்க்கச் சொல்லிவிட்டு நிழலில் உறங்குங்கள்.

நான்கு விநாடி

தூக்கம் முற்றியவருக்குக் கண் திறந்திருந்தாலும் மூளை சில விநாடிகள் அணைந்து விடும். நடந்தது அவருக்கே தெரியாது. மணிக்கு 60 கிலோமீற்றரில் நான்கு விநாடி என்றால் லொறி 65 மீற்றருக்கும் மேலே ஓடியிருக்கும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே காட்டுப் பகுதிகளில் யானை வீதியைக் கடக்கும் இடங்கள் உண்டு. அங்கே அந்த 65 மீற்றர் உயிர் போகும் தூரம்.

பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரையும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் 2 முதல் 4 மணி வரையும் உடம்பு தானாகவே தூக்கத்துக்குச் சாயும். முந்திய நாள் நன்றாகத் தூங்கியவருக்கும் இது உண்டு. முடிந்தவரை அந்த நேரங்களை ஓய்வுக்கு ஒதுக்குங்கள்.

அடிக்கடி கொட்டாவி, கண் எரிச்சல், கடந்து வந்த ஊர் நினைவில்லாமை, வண்டி வெள்ளைக் கோட்டைத் தொடுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்ற எண்ணமே களைப்பின் அறிகுறி.

நிறுத்திய பின் என்ன செய்வது?

கண்ணாடியை இறக்குவதும் பாட்டுப் போடுவதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. பலன் தரும் வழி இது: ஒரு கோப்பை தேத்தண்ணி அல்லது கோப்பி குடித்துவிட்டு உடனே 15 முதல் 20 நிமிடம் தூங்குங்கள். அதிலுள்ள கஃபீன் வேலைசெய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும். எழும்பியதும் முகம் கழுவி, பத்து நிமிடம் நடந்து, தெளிவு வந்த பிறகு வண்டியை எடுங்கள். இது மிஞ்சினால் ஓரிரு மணித்தியாலத்துக்குத் தாங்கும். அதற்குள் சரியாகத் தூங்கும் இடத்தை அடைந்துவிட வேண்டும்.

நிறுத்துவதற்குக் காட்டோரத்தைத் தவிர்த்து, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள எரிபொருள் நிலையத்தையோ நகரத்தையோ தேர்ந்தெடுங்கள். ஏசிக்காக இயந்திரத்தை ஓடவிட்டு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு உறங்கவே கூடாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, உறக்கத்திலேயே உயிரெடுக்கும். வண்டிக்கு அடியில் படுக்கும் பழக்கமும் வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் லொறிச் சாரதி நான்கரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பதை உங்கள் சொந்தச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். கால்களுக்கும் அது நல்லது. நீண்ட நேரம் அசையாமல் இருப்பதால் கெண்டைக்காலில் இரத்தம் உறையலாம். ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

வெற்றிலை, குளிசை, ஐஸ்

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. தூக்கத்தைத் துரத்தக் கடையில் வாங்கும் ஒரு கூறு வெற்றிலைக்கு நீங்கள் கொடுக்கும் விலை இதுவாகலாம். வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் முன்போல் விரியாமை இவற்றில் எது இருந்தாலும் அரச வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முதலில் கண்டால் குணப்படுத்தலாம்.

தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் சாதாரணமாகப் போடும் குளோர்பெனிரமின் குளிசை நல்ல தூக்கத்தைத் தரும். ஓட்டப் போகிற நாளில் எந்தக் குளிசை வாங்கினாலும் "இதைப் போட்டால் தூக்கம் வருமா?" என்று மருந்துக்கடையில் கேளுங்கள். "ஐஸ்" போன்ற போதைப்பொருள் களைப்பைத் தீர்ப்பதில்லை, மறைத்து மட்டும் வைக்கும். போதை இறங்கும்போது தூக்கம் மொத்தமாக வந்து விழும். இதயத்தையும் மனத்தையும் அது சேர்த்தே கெடுக்கும்.

தண்ணீரும் சாப்பாடும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் லொறி கெபினுக்குள் வெக்கை கடுமையாக இருக்கும். ஒதுங்க இடமில்லை என்று பலர் தண்ணீரைக் குறைத்துச் சலத்தையும் அடக்குகிறார்கள். இது சிறுநீரகக் கல்லுக்கும் தொற்றுக்கும் வழி. நீங்கள் ஓடும் வடமத்திய மாகாணமும் நம் திருகோணமலை மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுரமும் 1990கள் முதல் நாட்பட்ட சிறுநீரக நோயால் துன்பப்படும் பகுதிகள். அதன் காரணம் இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஆயினும் வெயிலில் நீர் வற்றிய உடம்பு சிறுநீரகத்துக்குப் பகை என்பதில் ஐயமில்லை. அந்த நிலையில் இடுப்பு நோவுக்கென்று டைக்குளோபெனாக் போன்ற குளிசைகளை நீங்களாக விழுங்குவது பாதிப்பைக் கூட்டும். வீட்டிலிருந்து நல்ல தண்ணீர் எடுத்துப் போய் அடிக்கடி சிறிது குடியுங்கள். சலம் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை.

இரவு 11 மணிக்கு ஒரு முழுக் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு வண்டி எடுத்தால் கண் தானாகச் சொக்கும். புறப்படுமுன் அளவாகச் சாப்பிட்டு, வழியில் அவித்த சோளம், கடலை, வாழைப்பழம், கந்தளாய்த் தயிர் என்று சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ளுங்கள். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் அல்லது குளிசை எடுப்பவர்கள் ஒரு வேளையும் தவறவிடக் கூடாது. இரத்தச் சீனி 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சாப்பிட்ட பிறகே ஓட்டுங்கள். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே நிறுத்தி மூன்று தேக்கரண்டி சீனி சாப்பிடுங்கள். சீனி சரியான பின்னும் முக்கால் மணித்தியாலம் பொறுத்தே வண்டியை எடுங்கள்.

இறங்கியதும் மூட்டையைத் தூக்காதீர்கள்

மணிக்கணக்காக அதிர்வில் இருந்த முதுகுத்தண்டு உடனே 50 கிலோ சீமெந்துப் பையைத் தாங்கத் தயாராக இருக்காது. நாட்டாமி போதவில்லை என்று கைகொடுக்க நேர்ந்தாலும் முதலில் பத்து நிமிடம் நடங்கள். கெபினிலிருந்து குதிக்காமல், வண்டியைப் பார்த்தபடி கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். வியர்வையோடு சேர்ந்த சீமெந்துத் தூள் தோலைப் புண்ணாக்கும். மூக்கை மூடிக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

பரிசோதனையும் அவசர உதவியும்

கனரக வாகன உரிமத்துக்கென எடுத்த மருத்துவச் சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தம், சீனி, கண் மூன்றையும் பாருங்கள். அரச வைத்தியசாலையில் இலவசமாகவே பார்க்கலாம். பலத்த குறட்டையும், ஏழு மணித்தியாலம் தூங்கிய பிறகும் பகலில் அசதியும் இருந்தால், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

நெஞ்சு இறுக்கம், இடது கை நோவு, குளிர் வியர்வை வந்தால் அந்த நிலையில் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக முயல வேண்டாம். ஓரங்கட்டி 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணமில்லை. ஹபரணையா, கலேவெலயா, எந்த மைல்கல் அருகே நிற்கிறீர்கள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கிளீனருக்கும் அந்த இலக்கத்தைச் சொல்லி வையுங்கள்.

வீட்டாருக்கும் முதலாளிக்கும்

இரவு ஓடிவிட்டு வந்தவர் பகலில் தூங்கும் அறையை இருட்டாக்கிக் கொடுங்கள், பிள்ளைகளை வெளியே விளையாட விடுங்கள். ஓடும்போது "எங்க வாறீங்க?" என்று அழைக்காமல், அவர் நிறுத்தி அழைக்கும்வரை பொறுங்கள். முதலாளிமார் வரிசையில் நின்ற நேரத்தையும் வேலை நேரமாக எண்ணி ஓட்டத்தைத் திட்டமிட வேண்டும். "தூக்கம் வருது, தம்புள்ளையில நிப்பாட்டுறன்" என்று ஒரு புதிய சாரதி சொன்னால், "சரி தம்பி, படுத்திட்டு வா" என்பதே முதலாளியின் பதிலாக இருக்க வேண்டும். சரக்கு மூன்று மணித்தியாலம் பிந்திப் போய்ச் சேர்வதால் யாரும் சாவதில்லை.