எந்தக் கையில் பார்த்தார்கள்?

டீயைக் குடி தம்பி, ஆறிடும். சின்ன வயசிலேயே ஆபரேஷன் செய்து சரியாக்கிவிட்டார்களே, முப்பது வயசில் பிரஷர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாய். நியாயமான கேள்வி. அதற்கு முன் எனக்கு ஒன்று சொல்: உனக்கு பிரஷர் பார்த்தது எந்தக் கையில்?

ஏன் கேட்கிறேன் என்றால், உனக்கு இருந்தது பெருந்தமனிக் குறுக்கம். டாக்டர்கள் கோஆர்க்டேஷன் என்பார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வளைந்து, தலைக்கும் கைகளுக்கும் கிளை விட்டு, கீழே இறங்கும். இடக்கைக்கான கிளையைத் தாண்டியதும்தான் பெரும்பாலும் அந்தச் சுருக்கம். தெருக்குழாயின் நடு வால்வைப் பாதி மூடினால் முன்வீட்டில் தண்ணீர் பீய்ச்சும், கடைசி வீட்டில் சொட்டும் இல்லையா, அந்தக் கதைதான். கையில் நாடி துள்ளும். தொடையிடுக்கில் தொட்டால் மெலிந்து, தாமதமாக வரும். கடைசி வீட்டில் இருப்பது சிறுநீரகம். உடம்பிலேயே ரத்தம் குறைந்துவிட்டது என்று நினைத்து, ரெனின் என்ற பொருளைச் சுரந்து பிரஷரை இன்னும் ஏற்றிவிடும்.

ஸ்வீடனில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு 1944-இல் 12 வயதுப் பையன் ஒருவனுக்குச் சுருங்கிய துண்டை வெட்டியெடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். அடுத்த வருஷம் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் செய்தார். அடைப்பு போனால் பிரஷரும் போய்விடும் என்றுதான் அன்று நம்பினார்கள். பலருக்குப் போகவில்லை. மேயோ கிளினிக்கில் ஆபரேஷன் செய்துகொண்ட 646 பேரைப் பல வருஷம் கழித்து ஆராய்ந்து 1989-இல் எழுதினார்கள். எந்த வயதில் செய்தார்கள் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. தாமதித்தவர்களுக்குப் பிரஷர் அதிகம் தங்கியது. ஆனால் கைக்குழந்தையில் செய்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது.

காரணம், கத்தி பட்டது ஒரு சிறு துண்டில் மட்டும். அதற்கு மேலே உள்ள குழாய்ச் சுவர் பல பேருக்கு இயல்பிலேயே கொஞ்சம் விறைப்பு, விரிந்து கொடுக்காது. கழுத்தில் பிரஷரை அளக்கும் நரம்பு முனைகள் பழைய உயர்ந்த அளவையே சரியென்று பழகியிருக்கும். வளைவு கூர்மையாக மடங்கியிருந்தாலும் வம்புதான். இதையெல்லாம் விட்டுவிட்டு ‘டென்ஷன் தம்பி, தூங்குங்க’ என்று அனுப்பினால் எனக்குக் கோபம் வரும். முதலில் பார்க்க வேண்டியது, தைத்த இடம் மறுபடி சுருங்கியிருக்கிறதா என்பதை. சுருங்கியிருந்தால் பெரும்பாலும் பலூனோ ஸ்டென்ட்டோ போதும்.

இப்போது கைக்கு வருவோம். சில குழந்தைகளுக்கு இடக்கைத் தமனியையே மடித்து ஒட்டுப் போட்டுச் சரிசெய்வார்கள். அவர்களுக்கு இடக்கையில் பட்டை கட்டினால் பொய்யாகக் குறைவாகத்தான் காட்டும். அதனால் வலக்கையில் பார்க்கச் சொல், கூடவே காலிலும். காலில் கையைவிடக் குறையக் கூடாது. கையில் 20 புள்ளி கூடுதலாக இருந்தால் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும்போது நல்லபடி காட்டி, மாடிப்படி ஏறினால் எகிறுபவர்களும் உண்டு. அவர்களுக்கு 24 மணி நேரக் கருவி மாட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மாத்திரை எழுதினால் பயப்படாதே, நிறுத்தவும் செய்யாதே. தைத்த இடம் வீங்குகிறதா என்று சில வருஷத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐயோ சிடியோ எடுப்பார்கள். இந்தக் குறையோடு பிறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தின் பெருந்தமனி வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதான் இருக்கும். எக்கோவில் அதையும் பார்ப்பார்கள். ஜிம்முக்குப் போகலாமா என்றாயே, நடை, சைக்கிள் நல்லது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிய எடை தூக்குவதை மட்டும், ஸ்கேன் முடிவு வந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளிவை. அம்மாவிடம் அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடித் தரச் சொல். எந்த விதமான ஆபரேஷன் என்று அதில்தான் எழுதியிருக்கும்.