கொப்புளம் வந்தால் உஷார்! படர்தாமரைக்கு ஸ்டீராய்டு களிம்பு பூசினால் ஆபத்து

உடம்பில் நீர் கோர்த்த கொப்புளம், சுற்றிலும் சிவப்பு, தாங்க முடியாத அரிப்பு. இதைப் பார்த்ததும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி ஒரு டியூப் களிம்பு வாங்கிப் பூசுபவர்கள் ஏராளம். அந்த டியூப்பில் ஸ்டீராய்டு இருந்தால் விபரீதம்தான்.

கொப்புளம் வர பல காரணம் உண்டு. அதில் 2 காரணங்கள் ஒன்று போலவே தோன்றி குழப்பும். அது பற்றிய விவரம் வருமாறு:-

முதலாவது, பெம்பிகஸ், பெம்பிகாய்டு போன்ற நோய்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே தோலைத் தாக்குவதால் இவை வருகின்றன. அடுத்தவருக்கு ஒட்டாது. பெம்பிகஸ் பலருக்கு வாய்ப்புண்ணாகத்தான் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இதற்கு ஸ்டீராய்டு முக்கிய மருந்து.

இரண்டாவது, படர்தாமரை. இது பூஞ்சைக் கிருமியால் வருவது. துண்டு, துணிமணி மூலம் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். வழக்கமாக வட்டமாகப் படரும். சிலருக்கு, முக்கியமாக பாதத்தில், கொப்புளமாகவே கிளம்பும். இதற்கு ஸ்டீராய்டு கூடாது.

மாறுவேடம்

ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது. உடம்பின் எதிர்ப்பை மட்டும் அடக்கும். அதனால் சில நாளில் அரிப்பும் சிவப்பும் குறையும். "மருந்து நல்லா கேக்குது" என்று நினைப்போம். உள்ளே பூஞ்சை ஜோராகப் பரவும். களிம்பை நிறுத்தியதும் முன்பை விட மோசமாகத் திரும்பும். வட்டம் கலைந்து போவதால் டாக்டர்களே வேறு நோய் என்று ஏமாறுவது உண்டு. இந்த மாறுவேடப் படர்தாமரைக்கு இங்கிலாந்து டாக்டர்கள் 1968-ல் 'டீனியா இன்காக்னிட்டோ' என்று பெயர் வைத்தார்கள்.

டாக்டர் சீட்டு இல்லாமல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை விற்கக் கூடாது என மத்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டது. ஆனாலும் சீட்டு கேட்காமல் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன.

எளிய சோதனை

குழப்பத்தைத் தீர்க்க வழி இருக்கிறது. கொப்புளத்தின் மேல்தோலையோ, ஓரத்தில் உள்ள செதிலையோ லேசாகச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் நூல் நூலாகத் தெரியும். வலி இல்லை, செலவும் குறைவு. பெம்பிகஸ் சந்தேகம் என்றால் சிறு தோல் துண்டு எடுத்து தனிச் சோதனை செய்வார்கள்.

களிம்பு பூசியிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீங்க. டியூப்பையே கையில் எடுத்துப் போய் காட்டுங்க.

பெம்பிகசுக்கு ஏற்கனவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. அதுவும் ஆபத்து. ஸ்டீராய்டு சாப்பிடும்போது பூஞ்சை எளிதில் தொற்றும். எனவே புதிதாக தடிப்போ அரிப்போ வந்தால், பழைய நோய்தான் என்று முடிவு கட்டாமல் உடனே டாக்டரைப் பார்ப்பது நல்லது.