பெட்டியைத் திறந்த மாமியார்!

பள்ளி லீவு விட்டதும், "எங்கேயாவது கூட்டிண்டு போம்மா" என்று ஏழாவது படிக்கும் என் பெண் நச்சரித்தாள். கும்பகோணத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் போய் சுவாமி தரிசனம் செய்தோம். அப்படியே அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் இருக்கும் அரசு புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் போனோம். என் மாமியாருக்கு இதில் இஷ்டமே இல்லை. "கல்லைப் பார்க்க இவ்வளவு தூரமா?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் இறங்கினார்.

சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன் அந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்ததாம். சேற்றில் புதைந்த சிப்பியும் நத்தையும் நாளடைவில் கல்லாகிவிட்டன. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல் இருப்பதால்தான் அரியலூரில் இத்தனை சிமென்ட் ஆலைகள். (எங்கள் மாடிப்படியில் பூசியிருப்பதும் அந்தச் சிப்பிதானோ என்னவோ!)

ஓரிடத்தில் கைமுறுக்கு மாதிரி சுருள் சுருளாக ஒரு கல். பெயர் அம்மோனைட். கணவாய் மீனுக்கு உறவாம். ஓட்டுக்குள் அறை அறையாக இருக்கும். கடைசி அறையில் அது குடியிருக்கும், மற்ற அறைகளில் காற்று நிரம்பி மிதக்க உதவும். டைனோசர்கள் அழிந்தபோது, 6.6 கோடி வருஷங்களுக்கு முன், இந்த இனமும் அழிந்துவிட்டது.

என் மாமியார் அதன் முன் அப்படியே நின்றுவிட்டார். "இது நம்மாத்துல இருக்கேடி!" என்றார்.

எனக்குப் புரிந்தது. சாளக்கிராமம்! மாமனார் தினமும் பூஜை செய்தது. பெண்கள் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் காலமான பின், என் கணவருக்கு ஆபீஸ் ஓடவே நேரம் சரியாக இருப்பதால், பெட்டி மூன்று வருஷமாக மூடியே கிடக்கிறது. மாமியாருக்கு அது பெரிய குறை. வாய்விட்டுச் சொன்னதில்லை.

அங்கிருந்த ஊழியர், "ஆமாம்மா, நேபாளத்துல கண்டகி நதியில கிடைக்கிற சாளக்கிராமத்துல இருக்கிற சுருளும் இதே இனம்தான். இமயமலை எழும்புறதுக்கு முன்னாடி அங்கேயும் கடல்தான்" என்றார்.

என் பெண் சும்மா இருக்கக்கூடாதா? "அப்போ தாத்தா கும்பிட்டது கடல் நத்தையா பாட்டி?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாமியார் பதிலே பேசவில்லை. வேனிலும் வாயைத் திறக்கவில்லை. ஏன்தான் இங்கே அழைத்து வந்தோமோ என்று நொந்துகொண்டேன்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தால், பூஜை அறையில் பெட்டி திறந்திருக்கிறது! என் பெண்ணைக் கூப்பிட்டு, "கை அலம்பிண்டு வா" என்றார் மாமியார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மா, நாம தொடலாமா?" என்றேன்.

"இத்தனை கோடி வருஷம் மண்ணுலயும் ஆத்துலயும் யார் யார் கால்லயோ பட்டுத்தானே வந்திருக்கு. நம்ம கை பட்டாத்தான் குறைஞ்சுடுமா? அவர் போனப்புறம் பட்டினி போட்டதுதான் பாவம்" என்று சொல்லி, நீர் விட்டுத் துடைத்து, துளசி வைத்தார். அந்தச் சுருளை என் பெண் விரலால் தடவிப் பார்த்தாள்.

சாயந்திரம் வந்த என் கணவர் துளசியைப் பார்த்துவிட்டு, "யார் திறந்தா?" என்று என்னை முறைத்தார்.

"நான்தாண்டா" என்றார் மாமியார், காபியை ஆற்றிக்கொண்டே.

- ஒரு வாசகி, கும்பகோணம்.