களைப்பும் காப்பும்: மீரியபெத்த தரும் பாடம்

தொழில் செய்வோர்க்கு நேரும் இடர்கள் இருவகையின. இடத்தாலும் கருவியாலும் வருவன ஒருவகை. உடற்களைப்பால் வருவன மற்றொரு வகை. இவை தனித்து நில்லா. ஒன்று மற்றொன்றை வளர்க்கும். இவ்வுண்மையை முதற்கண் அறுவை மருத்துவக் கூடத்துத் தாதியரின் பணியில் வைத்து விளக்கி, பின்னர்ப் பதுளை மாவட்டத்துத் தேயிலை மலைகளுக்குப் பொருத்திக் காண்போம்.

அறுவைக் கூடத்துத் தாதி மணிக்கணக்காக நின்றவாறே கருவிகளை எடுத்துக் கொடுக்கின்றாள். கூரிய ஊசி அவள் கையைக் குத்தலாம். எண்ணத் தவறிய பஞ்சுத்துணி ஒன்று நோயாளியின் உடலினுள் தங்கிவிடலாம். அமெரிக்க மருத்துவமனைத் தாதியரைப் பற்றி 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, பன்னிரண்டரை மணிநேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து பணிபுரிவோர் தவறிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மும்மடங்காகின்றது எனக் காட்டிற்று. இதற்கு மருந்து 'கவனமாய் இரு' என்னும் உபதேசமன்று. கவனமே களைப்பினால் முதலிற் கெடுவது. ஆதலின், 2008 இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வகுத்தது. மயக்க மருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி கூடத்தை விட்டு நீங்குமுன் என மும்முறை நின்று, உரியவற்றை வாய்விட்டுக் கூறி உறுதி செய்தல் வேண்டும். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதனைக் கையாண்டபோது, இறப்பு நூற்றுக்கு 1.5 இலிருந்து 0.8 ஆகக் குறைந்ததென 2009 இல் அறியப்பட்டது. களைத்த மனிதரின் நினைவை நம்பாது, எண்ணிப் பார்க்கும் ஒழுங்கை நம்புதலே இதன் சாரம்.

இனி மலைக்கு வருவோம். கொழுந்து பறிக்கும் பெண் விடியுமுன் எழுந்து சமைத்து, குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, மலைக்குச் செல்கின்றாள். செங்குத்தான சரிவில், ஈரமண்ணில், தலையிற் பூட்டிய கயிற்றில் தொங்கும் கொழுந்துச் சுமையோடு நாள் முழுதும் நிற்கின்றாள். அட்டையும் குளவியும் பாம்பும் அவளோடு உள்ளன. குறித்த நிறை சேராவிடின் முழுப்பேர் இல்லை, அரைப்பேரே கிடைக்கும். ஆதலால் களைப்பை உணர்ந்தாலும் இளைப்பாற அவள் துணியாள். மாலையில் லயத்துக்குத் திரும்பியபின் நீரும் விறகும் அடுப்பும் அவளுக்காகக் காத்திருக்கும். சம்பள ஏட்டில் ஏறுவது பகற்பொழுது மட்டுமே. அவள் உடலோ முழுநாளையும் கணக்கு வைக்கின்றது.

சட்டம் இல்லாமலில்லை. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் தொழிலிற் காயமுற்றோர்க்கு ஈடு வழங்குகின்றது. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இயந்திரத்துக்கு வேலி கட்டச் சொல்கின்றது. ஆயின் முன்னையது துன்பம் நேர்ந்த பின் வருவது; பின்னையது தேயிலை ஆலையின் சுவரோடு நின்றுவிடுவது. மலையும் லயமும் அச்சுவருக்கு வெளியே உள்ளன. தோட்டத்திலோ வேலைத்தலமும் உறைவிடமும் ஒரே நிலம். அந்நிலத்தின் உறுதியும் தொழிற்காப்பின் பகுதியே என்பதை மறந்ததன் விளைவை மீரியபெத்தயில் நாடு கண்டது.

கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை மலை சரிந்து லய வரிசைகளை மூடிற்று. பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். அவர்களுட் சிலர் திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை. மழைநீர் மண்ணிடுக்குகளை நிரப்பி, மண்துகள்களின் பிணைப்பைத் தளர்த்தும்போது சரிவு நிகழ்கின்றது. நிலத்தில் வெடிப்பு, மரங்களின் சாய்வு, புதிதாய்த் தோன்றும் ஊற்று, கலங்கிய நீர் என்பன அதன் முன்னறிகுறிகள். இவ்விடத்தின் இடரோ முன்னரே அறியப்பட்டிருந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. மாற்று நிலமும் வீடும் ஆயத்தமாகாமையால் அவ்வெச்சரிக்கை ஏட்டளவில் நின்றது.

இங்கு ஒரு வினா எழும்: அறிகுறி கண்டவர் தாமே வெளியேறலாகாதா? எங்கே செல்வது? ஒரு நாள் மலைக்குச் செல்லாவிடின் அந்நாட் பேர் போகும். களைத்த உடலும், வெறுங்கையும், வேறு கூரையின்மையும் சேர்ந்த இடத்தில், 'அவரவர் பார்த்துக்கொள்க' என்பது அறிவுரையாகாது, பொறுப்பைக் கைகழுவுதலாகும்.

அறுவைக் கூடத்தின் பாடம் இங்கே பயன்படும். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பு, 100 ஆயின் எச்சரிக்கை, 150 ஆயின் வெளியேற்றம் என அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. கொழுந்து நிறுக்கும் தராசு தோட்டந்தோறும் உண்டு. அதற்கு நிகராக மழைமானியும் அமைதல் வேண்டும். அதன் எண்ணைப் பிரட்டுக் களத்தில் நாடோறும் வாய்விட்டு அறிவித்தல் வேண்டும். வெளியேறும் நாளுக்கு முழுப்பேர் வழங்குதல் வேண்டும்; செல்லுமிடம் மழைக்காலத்துக்கு முன்னரே ஆயத்தமாயிருத்தல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைகளை மீண்டும் சரித்தமை, இவை காலந்தாழ்த்தற்குரியன அல்ல என்பதை உணர்த்திற்று.

எச்சரிக்கை என்பது அறிவு மட்டுமே. அதன்படி நடக்க வழிசெய்தலே காப்பு. நாளை ஆசிரியராகவும் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் அம்மலைகளுக்குச் செல்லவிருக்கும் மாணவர், கொழுந்தின் நிறையோடு அதனைச் சுமப்பவரின் களைப்பையும் அளக்கக் கற்பாராக.