மெல்லப் பேசு!

பம்பாயிலும் பெங்களூரிலும் புதுவகை மதுக்கூடங்கள் முளைத்திருக்கின்றன, தோழர்களே! வாயிலில் பெயர்ப்பலகை இராது. புத்தக அலமாரிபோல ஒரு கதவு. இரகசியச் சொல்லைச் சொன்னால்தான் திறக்கும். உள்ளே மங்கிய விளக்கு, பழைய இசைத்தட்டு, எலுமிச்சைத் தோல் மிதக்கும் கண்ணாடிக் கிண்ணம். விலையோ ஒரு கூலியாளின் ஒருநாள் உழைப்பை விழுங்கும்! ‘ஸ்பீக்கீசி’ என்று பெயர்; ‘மெல்லப் பேசு’ என்று பொருள். உரிமம் வாங்கி வைத்துக்கொண்டு சட்டத்தை மீறுவதுபோல ஒரு நாடகம். சீமான் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பொழுதுபோக்கு.

அந்த நாடகத்தின் மூலக்கதையை அறிவீர்களா? 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. கள்ளக் கடைகள் பெருகின. தொழிற்சாலைச் சாராயத்தைத் திருடி விற்றனர். குடிக்க முடியாதபடி அதில் மெத்தனால் என்னும் நஞ்சைக் கலக்கச் செய்தது அரசு. 1926 இறுதியில் அளவை இன்னும் கூட்டியது. திருட்டு நின்றதா? இல்லை. கனடாவிலிருந்து கடத்திவந்த நல்ல விஸ்கி பணக்காரனுக்குப் போயிற்று. நஞ்சு ஏழையின் குவளைக்கு வந்தது.

நம் கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2024 ஜூன் மாதம். கருணாபுரம். அங்கே புத்தக அலமாரிக் கதவில்லை, இரகசியச் சொல்லும் இல்லை. கூப்பிடு தூரத்தில் காவல் நிலையம், நீதிமன்றம். பாக்கெட் சாராயம் பட்டப்பகலில் விற்றது. மெல்லப் பேச வேண்டிய தேவைகூட இல்லை!

மூட்டை தூக்கியவன் குடித்தான், வண்ணம் பூசியவன் குடித்தான்; மாண்டவர்களில் பெண்களும் உண்டு. முதல் சாவுகள் விழுந்தபோது, சாராயம் காரணமல்ல என்றது மாவட்ட நிர்வாகம். அந்தச் சொல்லை நம்பி, சாவு வீட்டுக்கு வந்தவர்களும் குடித்தார்கள். வயிறு எரிந்தது, கண் இருண்டது. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் இடமில்லை. 65 பேருக்கு மேல் பிணமாயினர்.

உடனே எல்லா விரலும் கல்வராயன் மலையை நோக்கி நீண்டது. ஊறல் பானைகள் உடைந்தன, படங்கள் வந்தன. மலையில் சாராயம் காய்ச்சுவது உண்மை, மறைப்பானேன்? 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. சாலையும் பிழைப்பும் எட்டாத மலையாளிப் பழங்குடிக்கு அடுப்பும் பானையும் தொழிலாயின. ஆனால் ஒன்று கேளுங்கள்: வெல்லமும் வேலம்பட்டையும் ஊறிய பானையிலா இத்தனை உயிரைக் குடிக்கும் மெத்தனால் பிறக்கும்? பிறக்காது! அது இரசாயனத் தொழிற்சாலையின் சரக்கு. வார்னிஷுக்கும் பிசினுக்கும் போக வேண்டியது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தின்னும். அந்தப் பீப்பாய் மலையிலிருந்து இறங்கி வரவில்லை. சமவெளியில், சாலை வழியே, சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்தது!

ஓராண்டுக்கு முன்னர், 2023 மே மாதத்தில், மரக்காணத்திலும் சித்தாமூரிலும் இதே மெத்தனால் 20 பேருக்கு மேல் கொன்றது. பாடம் கற்றோமா?

“குடிகாரன் செத்தான், அவன் குடும்பத்துக்கு 10 லட்சமா?” என்று நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டவர்கள் உண்டு. 2003 முதல் சில்லறையில் மது விற்பதே அரசின் டாஸ்மாக்தானே, ஐயா! அங்கே குவார்ட்டர் வாங்கக் கையில் காசில்லாதவன் பாக்கெட்டைத் தேடினான். குடி கேடுதான், அந்தக் கேட்டுக்குத் தூக்குத் தண்டனையா? அதுவும் ஏழைக்கு மட்டுமா?

2024 ஜூன் கடைசியிலேயே சட்டத்தைத் திருத்தி, சாவு விளைத்த சாராயக்காரனுக்கு ஆயுள் தண்டனை என்றார்கள். நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. பாக்கெட் விற்றவனின் பெயரை ஊரே அறியும். மெத்தில் ஆல்கஹாலை வாங்க, வைத்திருக்க, விற்க, 1959 முதலே விதிகள் இருக்கின்றன. உரிமம் வேண்டும், கணக்கு வேண்டும். அந்தக் கணக்குப் புத்தகத்தில் கையெழுத்திட்டவன் யார்? பீப்பாய் குறைந்தபோது பார்க்காதிருந்த அதிகாரி யார்? அதை மெல்லப் பேசாதீர்கள், தோழர்களே. ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்கக் கேளுங்கள்!