முளைக்காத பல்லைத் தொடும் சர்க்கரை

ஒரு வயதுக் குழந்தையின் முன்பல்லில் வெள்ளைத் திட்டோ மஞ்சள் குழியோ தெரிந்தால், வீட்டில் பழி பால் பாட்டில் மேல்தான் விழும். ஆனால் சில குழந்தைகளுக்கு அந்தக் குறை வயிற்றில் இருக்கும்போதோ பிறந்த ஓரிரு நாளிலோ உண்டானது. தாயின் கர்ப்பகாலச் சர்க்கரையும் அதற்கு ஒரு காரணம்.

பால் பற்கள் கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலேயே இறுகத் தொடங்கிவிடுகின்றன. பிறக்கும்போது முன்பற்களின் எனாமல் பெரும்பகுதி தயார். எனாமலைக் கட்டும் செல்கள் பல் முளைத்ததும் மறைந்துவிடும். எலும்பு முறிந்தால் கூடும். எனாமலில் விழுந்த குழி தானாகத் தூராது.

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கிறது. தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நிற்க, குழந்தையின் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். முதல் மூன்று நாட்களில் கால்சியமும் குறையலாம். எனாமல் செல்களுக்கு அது நெருக்கடியான நேரம். விழுந்த பால் பல்லை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், பிறந்த நேரத்தைக் குறிக்கும் ஒரு கோடு எனாமலில் தெரியும். கோட்டுக்கு உள்பக்கம் கருவறையில் உருவானது, வெளிப்பக்கம் பிறந்த பிறகு. சர்க்கரை உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குப் பால் பல் எனாமலில் குறை அதிகம் என்று ஸ்வீடனில் கிரானென், எட்லுண்ட் இருவரும் 1967-ல் எழுதினார்கள்.

ஸ்வீடனைவிட நமக்கு இது நெருக்கமான விஷயம். சென்னை மருத்துவர் வி. சேஷையா குழு 2008-ல் வெளியிட்ட தமிழ்நாட்டு ஆய்வில், நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம் பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. அவர் வலியுறுத்திய சோதனை எளிது: சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை இருக்கிறது என்று பொருள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கும் கர்ப்பிணிகளே, குமட்டுகிறது என்று இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் செக்கப்பில் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் உணவாலும் நடையாலும், தேவைப்பட்டால் மருந்தாலும் கட்டுக்குள் வைக்கலாம். ஏற்கெனவே இருந்தவர்கள், குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் பல் மருத்துவரிடம் காட்டி, கர்ப்பத்தில் சுகர் இருந்ததை மறக்காமல் சொல்லுங்கள். குறையுள்ள எனாமலில் சொத்தை சீக்கிரம் பிடிக்கும். ஃப்ளோரைடு பூச்சு போன்றவற்றால் அதை முன்கூட்டியே தடுக்க முயலலாம்.